160 படுக்கை அறக்கட்டளை மருத்துவமனைக்கு அறுவை ரோபோ: கணக்கு தேறுமா?

அறங்காவல்மேசை எழுதியது:

வணக்கம். தென்மாவட்டம் ஒன்றில் உள்ள அறக்கட்டளை மருத்துவமனைக்காகக் கேட்கிறேன். 160 படுக்கை, ஐந்து தியேட்டர். யூராலஜியில் (சிறுநீரக, சிறுநீர்ப்பாதை அறுவை) இருவர், மலக்குடல் அறுவையில் தேர்ந்தவர் ஒருவர், பொது அறுவையில் நால்வர், மகப்பேறில் மூவர். லேப்பராஸ்கோப்பி (சிறு துளை வழியே கேமராவும் கருவியும் விட்டுச் செய்யும் அறுவை) எல்லோருக்கும் பழக்கம்.

அறுவை ரோபோ, அதாவது மருத்துவர் தள்ளி அமர்ந்து இயக்க எந்திரக் கைகள் துளை வழியே அறுவை செய்யும் எந்திரம், வாங்கலாம் என்ற பேச்சு வந்திருக்கிறது. மேசையில் மூன்று வழிகள் இருக்கின்றன. ஒன்று, புது எந்திரம், எல்லா வரியும் சேர்த்து 16 கோடி ரூபாய். இரண்டு, எந்திரத்தை விற்பனையாளரே வைத்துவிடுவார், கேஸுக்கு 2.2 லட்சம் கொடுக்க வேண்டும், கருவிச் செலவு அதற்குள் அடக்கம், ஆனால் மாதம் 15 கேஸ் குறைந்தபட்ச உத்தரவாதம். மூன்று, முந்தைய தலைமுறை எந்திரம், பழையது, 5 கோடி.

போன ஆண்டு எண்ணிக்கை: புராஸ்டேட் புற்றுநோய் அகற்றல் 22, சிறுநீரகப் பகுதி அகற்றல் 14, பைலோபிளாஸ்டி (சிறுநீரகத்திலிருந்து சிறுநீர் வெளியேறும் வழியின் அடைப்பைச் சரிசெய்வது) 18, மலக்குடல் புற்றுநோய் 26, கருப்பை அகற்றல் 240, பித்தப்பை 410, குடலிறக்கம் 380. நோயாளிகளில் பாதிப் பேர் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் வருபவர்கள்.

"வாங்கி வைத்தால் ஆள் தானாக வரும்" என்கிறது ஒரு தரப்பு. "கல்யாணத்துக்கு யானை வாங்கின கதை" என்கிறது இன்னொரு தரப்பு. ஆண்டுக்கு எத்தனை கேஸ் இருந்தால் கட்டுப்படியாகும்? எந்த நோய்க்கு உண்மையிலேயே பயன்? கொட்டேஷனில் எழுதாமல் விடுவது எவை?

---

வரவுசெலவு எழுதியது:

முதல் கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். நோயைப் பற்றி மருத்துவர்கள் சொல்லட்டும்.

16 கோடியை 8 ஆண்டால் வகுத்து "வருஷத்துக்கு 2 கோடி" என்று யாராவது தாள் நீட்டினால் அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பணத்துக்கு வட்டி உண்டு. சொந்தப் பணமாக இருந்தாலும் வைப்பில் இருந்தால் சம்பாதித்திருக்கும். 10% வட்டி, 8 ஆண்டு ஆயுள் என்றால் வகுக்க வேண்டிய எண் 5.33. அதாவது ஆண்டுக்கு 3 கோடி. எட்டு ஆண்டுக்குப் பிறகு எந்திரத்தின் விற்பனை மதிப்பைச் சுழியம் என்றே வையுங்கள்.

அடுத்தது பராமரிப்பு ஒப்பந்தம். டா வின்சி என்ற அறுவை ரோபோவைத் தயாரிக்கும் நிறுவனமே தன் ஆண்டறிக்கைகளில் பல ஆண்டுகளாக இதை எந்திரம் ஒன்றுக்கு ஆண்டுக்கு 80,000 முதல் 1,90,000 டாலர் என்று எழுதிவந்திருக்கிறது. உங்களுக்கு 1.1 கோடி என்று வைத்துக்கொள்வோம். அதன்மேல் 18% ஜிஎஸ்டி. மருத்துவமனைச் சேவைக்கு ஜிஎஸ்டி விலக்கு இருப்பதால் கட்டிய வரியைத் திரும்ப வரவு வைக்க முடியாது, முழுக்கச் செலவுதான். கருவிகளுக்கும் டிரேப்புக்கும் (ரோபோவின் கைகளை மூடும் கிருமிநீக்கிய உறை) கட்டும் வரிக்கும் இதே கதி. தொழிற்சாலைக் கணக்குப் பார்த்துப் பழகிய ஆடிட்டர்கள் இந்த இடத்தில் வழுக்குவார்கள். முதல் ஆண்டு உத்தரவாதத்தில் போகும் என்பதால் சராசரியாக 1.15 கோடி போடலாம்.

தியேட்டர் மாற்றம், மின்சாரம், பயிற்சி எல்லாம் சேர்த்து ஒருமுறைச் செலவு 80 லட்சம் என்றால் ஆண்டுக்கு 15 லட்சம். ரோபோவுக்கென்றே ஒதுக்கும் இரண்டு சிஸ்டர், ஒரு டெக்னீஷியன்: 20 லட்சம். ஆக நிலைச்செலவு 4.5 கோடி.

இதைக் கேஸ் எண்ணிக்கையால் வகுங்கள். 100 கேஸ் என்றால் ஒன்றுக்கு 4.5 லட்சம். 150 என்றால் 3 லட்சம். 250 என்றால் 1.8 லட்சம். 400 என்றால் 1.13 லட்சம்.

இதன்மேல் ஒவ்வொரு கேஸுக்கும் கருவி. ஒரு கருவி 2.2 லட்சம், அதன் ஆயுள் 10 தடவை, ஒரு கேஸுக்கு நான்கு கருவி என்றால் 88,000. கைகளுக்கான டிரேப், சீல், கத்தரிக்கோல் நுனியுறை என்று இன்னொரு 25,000. மொத்தம் 1.13 லட்சம். லேப்பராஸ்கோப்பியிலும் பொருள்செலவு உண்டு, ஆனால் அதில் பெரும்பகுதி திரும்பத் திரும்பப் பயன்படும் கருவி.

இப்போது உங்கள் மூன்று வழிகள். வாங்கினால் ஆண்டுச் செலவு 4.5 கோடியும் கேஸுக்கு 1.13 லட்சமும். வாடகையில் கேஸுக்கு 2.2 லட்சம். இரண்டும் சமமாகும் இடம் ஏறத்தாழ 420 கேஸ். அதற்குக் கீழே வாங்குவது நட்டம், அவ்வளவுதான். ஆனால் வாடகையில் ஒளிந்திருப்பது அந்த 15. மாதம் 15 என்றால் ஆண்டுக்கு 180, அதாவது 3.96 கோடி கட்டாயம் போகும். நீங்கள் 100 கேஸ் மட்டும் செய்தால் ஒன்றுக்கு 3.96 லட்சம் ஆகிறது.

வரவுப் பக்கமும் பாருங்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019ல் வெளியிட்ட நவீன சிகிச்சைப் பட்டியலில் ரோபோ அறுவை உண்டு. நிறுவனங்கள் அதை ஒரேயடியாக விலக்க முடியாது. ஆனால் உள்வரம்பு (அந்தச் சிகிச்சைக்கு மட்டும் தனி உச்சத்தொகை) வைக்கலாம், பலர் வைக்கிறார்கள். உங்களிடம் அதிகம் வரும் ஐந்தாறு பாலிசிகளின் உள்வரம்பை டிபிஏ (காப்பீட்டுக் கோரிக்கைகளைக் கையாளும் இடைநிறுவனம்) மேசையில் கேட்டு எழுதி வாங்குங்கள். அரசுத் திட்டத்தில் உங்கள் ஒப்பந்தப் பட்டியலில் ரோபோவுக்குத் தனித் தொகுப்பு இருக்கிறதா என்று வரிவரியாகப் பாருங்கள். இல்லையென்றால் வித்தியாசம் உங்கள் தலையில். நோயாளியிடம் அதைத் தனியாக வாங்கக் கூடாது. திட்டத்தின் விதி அது.

"படுக்கை நாள் மிச்சம்" என்று விற்பனைத் தாளில் ஒரு வரி இருக்கும். இரண்டு நாள் முன்னால் வீட்டுக்கு அனுப்பினால் மிச்சமாவது சாப்பாடு, மருந்து, துணி. நர்ஸ் சம்பளமும் கட்டடமும் அப்படியேதான் இருக்கும். காலியான படுக்கையில் வேறொருவர் வந்து படுத்தால்தான் அது வரவு. உங்கள் படுக்கை நிரம்பும் விகிதம் 70% என்றால் அந்த வரியை அடித்துவிடுங்கள்.

---

கத்திமுனை எழுதியது:

மேலே உள்ள கணக்கோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் "ரோபோ" என்று ஒரே சொல்லில் பேசினால் எந்த முடிவும் தப்பாகத்தான் வரும். உறுப்புக்கு உறுப்பு கதை வேறு. எதோடு ஒப்பிடுகிறோம் என்பதும் வேறு: திறந்த அறுவையோடு ஒப்பிட்டால் கிடைக்கும் பலனில் பெரும்பகுதி லேப்பராஸ்கோப்பியிலேயே கிடைத்துவிடும். உங்களிடம் ஏற்கெனவே அது இருக்கிறது. சிறு வடு, குறைந்த ரத்தம், சீக்கிரம் வீடு என்று துண்டுப்பிரசுரம் சொல்வதெல்லாம் திறந்த அறுவைக்கு எதிரான பலன்.

புராஸ்டேட்டிலிருந்து தொடங்கலாம். ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் நடந்த குலுக்கல் முறை ஆய்வு (யாருக்கு எந்த அறுவை என்பதைக் குலுக்கலில் முடிவு செய்வது), 326 பேர், 2016ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. திறந்த அறுவையோடு ஒப்பிட்டபோது 12 வாரத்தில் சிறுநீர்க் கட்டுப்பாட்டிலும் ஆண்மையிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. 24 மாதத்திலும் அதே. ரத்த இழப்பும் மருத்துவமனை நாளும் குறைந்தன. ஆனால் லேப்பராஸ்கோப்பியில் புராஸ்டேட் எடுத்து, இடுப்புக் குழிக்குள் சிறுநீர்ப்பையைத் தைத்து இணைப்பது கடினமான கைவேலை. அந்தத் தையலை ரோபோவின் மணிக்கட்டு (கருவியின் நுனியில் எல்லாப் பக்கமும் வளையும் மூட்டு) எளிதாக்குகிறது, கற்கும் காலமும் குறைகிறது. இது அறுவை மருத்துவருக்குக் கிடைக்கும் நன்மை. நோயாளிக்கு எவ்வளவு போய்ச் சேர்கிறது என்பது அவர் யாரிடம் படுக்கிறார் என்பதைப் பொறுத்தது.

சிறுநீரகப் பகுதி அகற்றல்தான் என் பார்வையில் வலுவான காரணம். தமனியில் கிளாம்ப் (ரத்த ஓட்டத்தை நிறுத்தும் இடுக்கி) போட்டுவிட்டால் கடிகாரம் ஓட ஆரம்பிக்கும். 25 நிமிடத்துக்குள் கட்டியை வெட்டி, உள்ளே இரண்டு அடுக்கு தைத்து, கிளாம்பை எடுத்துவிட வேண்டும். சிறுநீரகத்தின் பின்பக்கம் இருக்கும் கட்டிக்கு நேர்க்கம்பிக் கருவியோடு போராடுவதைவிட வளையும் மணிக்கட்டு எவ்வளவோ மேல். மாற்று வழி முழுச் சிறுநீரகத்தையும் எடுப்பது என்றால், நோயாளிக்கு மிச்சமாவது ஆயுளுக்கும் ஒரு சிறுநீரகம்.

மலக்குடலில் இரண்டு பெரிய ஆய்வுகள் வேறு வேறு முடிவைத் தருகின்றன. 2017ல் வந்த ரோலார் ஆய்வில் 471 பேர். பாதியில் வயிற்றைத் திறக்க நேர்ந்தது ரோபோவில் 8.1%, லேப்பராஸ்கோப்பியில் 12.2%. புள்ளியியல் அதை வேறுபாடாக ஏற்கவில்லை. சீனாவில் 11 மருத்துவமனைகளில் நடந்த ரியல் ஆய்வு 2025ல் மூன்றாண்டு முடிவைத் தந்தது: இடுப்புப் பகுதியில் நோய் திரும்பியது ரோபோவில் 1.6%, லேப்பராஸ்கோப்பியில் 4.0%. இது கவனிக்க வேண்டிய எண். ஆனால் அங்கே கத்தி பிடித்தவர்கள் ஏராளமாகச் செய்து பழகியவர்கள். ஆண்டுக்கு 26 கேஸ் உள்ள இடத்தில் அதே பலனை எதிர்பார்க்கக் கூடாது. உடல் பருத்த ஆண், குறுகிய இடுப்பு, கீழ்மலக்குடல் கட்டி என்று பொறுக்கி எடுத்தால் உங்களிடம் பத்துப் பன்னிரண்டு பேர் தேறுவார்கள்.

இப்போது எச்சரிக்கை. கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு ரோபோவைத் தொடாதீர்கள். 2018ல் வெளியான எல்ஏசிசி ஆய்வில் 631 பேர். நாலரை ஆண்டில் நோயின்றி இருந்தவர்கள் திறந்த அறுவையில் 96.5%, துளைவழி அறுவையில் 86.0%. ஆய்வையே பாதியில் நிறுத்தினார்கள். அதில் துளைவழிப் பிரிவில் பெரும்பாலும் லேப்பராஸ்கோப்பி, சிறுபங்கு ரோபோ. ஆனாலும் ரோபோ விதிவிலக்கு என்று நம்பிச் செய்ய ஆதாரம் இல்லை. புதிது என்பதாலேயே மேல் என்ற நினைப்புக்கு விழுந்த பெரிய அடி அது.

பித்தப்பை இன்னொன்று. அமெரிக்க அரசின் முதியோர் காப்பீடான மெடிகேர் பதிவுகளில் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட கேஸ்களைப் பார்த்து 2023ல் வந்த ஆய்வு: பித்தநாளக் காயம் ரோபோவில் 0.7%, லேப்பராஸ்கோப்பியில் 0.2%. குலுக்கல் ஆய்வு அல்லதான். ஆனால் ஏற்கெனவே பாதுகாப்பான, மலிவான ஒரு அறுவையில் மூன்று மடங்கு காயம் என்ற சந்தேகம் போதும், ஒதுங்கி நிற்க.

உங்கள் பட்டியலில் ரோபோவுக்கு நியாயம் சொல்லக்கூடியவை, மலக்குடல் 26ஐயும் தாராளமாக முழுதாகச் சேர்த்தாலே, 22, 14, 18, 26. கூட்டினால் 80. பெரிய கருப்பை, ஒட்டல் நிறைந்த எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பை உட்சவ்வு வெளியே வளரும் நோய்) என்று இன்னும் இருபது சேர்த்தாலும் 100. ஒப்பந்தம் கேட்பது 180. மீதி 80ஐ எது நிரப்பும் என்று யோசியுங்கள். பித்தப்பையும் குடலிறக்கமும்தான் நிரப்பும். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்ய மாட்டார்கள். மாதக் கடைசியில் மேலாளர் மேசையில் "இன்னும் 6 பாக்கி" என்று ஒரு தாள் இருக்கும், அவ்வளவுதான்.

---

அறங்காவல்மேசை எழுதியது:

மிக்க நன்றி. அந்த 80 மண்டையில் ஏறிவிட்டது. விற்பனையாளரின் தாளில் குடலிறக்கம் 90, பித்தப்பை 60 என்று அவர்களே எழுதித்தான் தந்திருக்கிறார்கள், இப்போதுதான் கவனித்தேன். பழைய எந்திரத்தை 5 கோடிக்கு வாங்கினால் நிலைச்செலவு மூன்றில் ஒன்றாகிவிடுமே, அது ஏன் கூடாது? தியேட்டர், சிஎஸ்எஸ்டி (கருவிகளைக் கழுவிக் கிருமிநீக்கும் பிரிவு) பக்கம் என்ன தயாராக வேண்டும்?

---

பியூஸ்கம்பி எழுதியது:

பயோமெடிக்கல், அதாவது மருத்துவ எந்திரப் பராமரிப்புப் பக்கத்திலிருந்து.

பழைய எந்திரத்தில் விலை பிரச்சினையே இல்லை. கருவி வேறு தலைமுறைக்குப் பொருந்தாது. தயாரிப்பாளர் அந்தத் தலைமுறைக்குக் கருவி செய்வதையும் பாகம் தருவதையும் நிறுத்தினால் 5 கோடி இரும்பு மிஞ்சும். வாங்கும் முன் மூன்று எழுத்துத் தாள் கேளுங்கள்: உதிரிபாகம் எந்தத் தேதி வரை, கருவி எந்தத் தேதி வரை, இந்த வரிசை எண்ணுள்ள எந்திரத்துக்குத் தயாரிப்பாளரே பராமரிப்பு ஒப்பந்தம் போடுவாரா. மூன்றாவதற்கு "வேறொரு ஏஜென்சி பார்த்துக்கொள்ளும்" என்ற பதில் வந்தால் எழுந்து வந்துவிடலாம். மேலும், நிலைச்செலவு மூன்றில் ஒன்றாகாது. பராமரிப்பு, ஆள், தியேட்டர் மூன்றும் அப்படியே இருக்கும். 3 கோடி மட்டும் 94 லட்சமாகும். அதுவும் எட்டு ஆண்டு ஓடினால். ஐந்தே ஆண்டு என்றால் 1.32 கோடி.

கருவியின் ஆயுள் எண்ணிக்கையைப் பற்றி. ஒவ்வொரு கருவிக்குள்ளும் ஒரு சில்லு உண்டு, மிச்சம் எத்தனை என்று எந்திரமே திரையில் காட்டும். பத்து என்றால் பத்துதான். 2020க்குப் பிறகு சில கருவிகளுக்கு 12 முதல் 18 வரை கூட்டியிருக்கிறார்கள். மூன்று மணி நேரம் வேலை செய்தாலும் ஐந்து நிமிடம் செய்தாலும் ஒரு லைஃப் போய்விடும். "எதற்கும் இருக்கட்டும்" என்று ஐந்தாவது கருவியை மாட்டும் பழக்கம் ஒரு கேஸுக்கு இருபதாயிரத்துக்கு மேல் தின்றுவிடும். எந்த அறுவைக்கு எந்தக் கருவிகள் என்று முன்கூட்டியே தாளில் ஒட்டுங்கள். ஊசிபிடிப்பான் இரண்டு வேண்டாம், ஒன்றும் பிடிகருவியும் போதும் என்று முடிவெடுத்தாலே கணிசமாகக் குறையும்.

இன்னொரு வீணடிப்பு: எண்ணிக்கை மிச்சம் இருக்கும்போதே கருவி கெடுவது. மணிக்கட்டை இழுப்பது மெல்லிய டங்ஸ்டன் கம்பிவடம். கப்பியில் உரசி ஒரு இழை அறுந்து நீட்டிக்கொண்டால் அந்தக் கருவியை எடுத்துவிட வேண்டும், உள்ளே இழை உதிர்ந்தால் தேடி எடுக்க முடியாது. கழுவும்போது கருவிகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போடுவதும், உடம்புக்குள் ஒரு கருவியால் இன்னொன்றைத் தட்டுவதும்தான் பெரும்பாலும் காரணம். எண்ணிக்கை முடியும் முன் கெட்டால் மிச்சத்துக்கு ஈடு தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். கேட்டால்தான் தருவார்கள்.

மோனோபோலார் (மின்சாரம் பாய்ச்சி வெட்டும்) கத்தரிக்கோலின் நுனியுறை ஒருமுறை மட்டும். ஒன்றைக் கழுவி மறுபடி போட்டால் கண்ணுக்குத் தெரியாத கீறல் வழியே மின்பொறி குடலுக்குத் தாவும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது; சில நாள் கழித்துக் குடல் ஓட்டையாக வெளிப்படும். சில ஆயிரம் மிச்சம் பிடிக்கப் போய் உயிர்ப் பிரச்சினை ஆகும் இடம் இது. சிஎஸ்எஸ்டியில் இந்த உறை ஒன்றுகூட உள்ளே வரக் கூடாது என்று விதி வையுங்கள்.

சிஎஸ்எஸ்டி பற்றி எந்தக் கொட்டேஷனும் பேசாது. கருவியின் தண்டுக்குள் நீர் செலுத்தும் துளைகள் உண்டு. அறுவை முடிந்ததும் ரத்தம் காயும் முன் உள்ளே என்சைம் கரைசல் ஏற்றி, ஊறவைத்து, அழுத்த நீரில் அலசி, பிரஷ் போட்டு, அல்ட்ராசானிக் தொட்டியில் வைத்து, மறுபடி அலசி, உலர்த்தி, பிறகுதான் ஆட்டோகிளேவ் (உயர்வெப்ப நீராவியில் கிருமிநீக்கும் கலன்). மொத்தம் மூன்று மணி நேரத்துக்குக் குறையாது. உங்கள் பகுதித் தண்ணீர் உப்பு என்றால் கடைசி அலசல் ஆர்ஓ நீரில் இருக்க வேண்டும். இல்லையென்றால் கப்பியில் வெள்ளைப் படிவு கட்டி மணிக்கட்டு இறுகும். கேமரா தொலைநோக்கி வேறு சாதி: ஆட்டோகிளேவில் வைத்தால் போச்சு, குறைந்த வெப்பத்தில் ஹைட்ரஜன் பெராக்சைடு பிளாஸ்மா எந்திரம் வேண்டும். அது உங்களிடம் இல்லையென்றால் 16 கோடியோடு அதையும் சேருங்கள். ஒரே நாளில் இரண்டு கேஸ் என்றால் கருவி செட் மூன்று, தொலைநோக்கி இரண்டு கையிருப்பில் இருக்க வேண்டும். தொலைநோக்கி ஒன்றைக் கீழே போட்டால் அதைப் பராமரிப்பு ஒப்பந்தம் ஏற்குமா, "கையாளல் தவறு" என்று தள்ளுமா என்பதைக் கையெழுத்துக்கு முன் கேளுங்கள்.

தியேட்டர் 600 சதுர அடிக்குக் கீழே என்றால் எந்திரத்தின் மூன்று வண்டிகளும் (மருத்துவர் அமரும் இருக்கை, கைகள் உள்ள வண்டி, படவண்டி) மயக்க மருந்து எந்திரமும் சேர்ந்து ஆள் நடக்க இடம் இருக்காது. கதவு அகலத்தையும் லிஃப்ட் தாங்கும் எடையையும் முதலில் அளந்துவிடுங்கள். மூன்று வண்டிக்கும் தனித்தனி மின்சுற்று, ஆன்லைன் யுபிஎஸ். மின்சாரம் போய் ஜெனரேட்டர் ஏறும் சில விநாடிகளில் எந்திரம் மறுதொடக்கத்துக்குப் போகக் கூடாது.

அவசர விடுவிப்புப் பயிற்சி கட்டாயம். ரத்தம் பீறிட்டால் கைகளைக் கழற்றி, வண்டியை இழுத்து, மேசையை நேராக்கி வயிற்றைத் திறக்க எத்தனை விநாடி ஆகிறது என்று மாதம் ஒருமுறை கடிகாரம் வைத்துப் பாருங்கள். பிடி திறக்காமல் எந்திரம் நின்றால் கருவியின் தாடையைக் கையால் திறக்க ஒரு சாவி உண்டு. அது எந்த அலமாரியில் என்று இரவுப்பணி சிஸ்டருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

---

தராசு எழுதியது:

எல்லோரும் மருத்துவமனையின் பையைப் பார்க்கிறீர்கள். நோயாளிக்குக் கிடைக்கும் நலத்தையும் எண்ணாக்கிப் பாருங்கள். மத்திய சுகாதார ஆராய்ச்சித் துறையின் கீழ் 2017 முதல் எச்டிஏஇன் (மருத்துவத் தொழில்நுட்பங்களை மதிப்பிடும் அமைப்பு) செய்வது இதைத்தான். பிரிட்டனில் எந்தச் சிகிச்சைக்குச் செலவிடலாம் என்று சொல்லும் நைஸ் அமைப்பு நெடுநாள் ஒரு தரமான வாழ்வாண்டுக்கு (முழு நலத்தோடு வாழும் ஓர் ஆண்டு) 20,000 முதல் 30,000 பவுண்டு வரை என்ற எல்லையை வைத்திருந்தது. நம்மிடம் பொதுவாகத் தலைக்கு உள்நாட்டு உற்பத்தி அளவை, அதாவது இரண்டரை லட்சத்துக்குச் சற்றுக் குறைவான தொகையை, ஒப்பிடக் கொள்வார்கள்.

ஒரு மாதிரிக் கணக்கு. ரோபோவால் ஒருவருக்குக் கூடுதல் செலவு 2 லட்சம். பலன், இரண்டு வாரம் வலி குறைவு. வாழ்வின் தரம் அந்த 14 நாளில் 0.2 கூடியது என்று தாராளமாகவே போட்டாலும் 0.0077 வாழ்வாண்டு. வகுத்தால் ஒரு வாழ்வாண்டுக்கு 2.6 கோடி. எந்த நாட்டு எல்லையிலும் தேறாது.

இப்போது வேறு பலன். நூற்றில் ஐந்து பேருக்கு நிரந்தரச் சிறுநீர்க் கசிவைத் தடுக்கிறது, கசிவால் தரம் 0.1 குறையும், 15 ஆண்டு வாழ்வார் என்று கொண்டால் சராசரியாகத் தலைக்கு 0.075. செலவு ஒரு வாழ்வாண்டுக்கு 27 லட்சம். இன்னும் எல்லைக்கு மேலேதான், ஆனால் பத்து மடங்கு இறங்கிவிட்டது. ஆகவே விற்பனையாளரிடம் "எத்தனை நாள் சீக்கிரம் வீட்டுக்குப் போவார்" என்று கேட்க வேண்டாம். நிரந்தரமான எந்தக் கெடுதல் எத்தனை பேருக்குக் குறைகிறது என்று கேளுங்கள்.

கத்திமுனை ஒன்றை விட்டுவிட்டார். பிரிட்டனில் சிறுநீர்ப்பை அகற்றலில் நடந்து 2022ல் வந்த ஐராக் ஆய்வில், முதல் 90 நாளில் உயிரோடு வீட்டில் இருந்த நாள் ரோபோவில் 82, திறந்த அறுவையில் 80. இரண்டு நாள்தான். ஆனால் ரத்தக்கட்டி அடைப்பு 1.9% எதிர் 8.3%, காயச் சிக்கல் 5.6% எதிர் 16.0%. தலைப்பு எண் சிறிதாக இருக்கும்போது கீழ்வரிசையையும் படிக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

திட்ட நோயாளிகளுக்கு இன்னொரு வழி: சென்னை ஓமந்தூரார் பன்னோக்கு அரசு மருத்துவமனையில் 2022ல் ஏறத்தாழ 35 கோடி ரூபாயில் ரோபோ அறுவைப் பிரிவு தொடங்கினார்கள். உண்மையிலேயே தேவைப்படும் பத்துப் பேரைச் சீட்டு எழுதி அங்கே அனுப்புவது உங்களுக்கு ஒரு ரூபாய்ச் செலவில்லாத மாற்று.

---

கத்திமுனை எழுதியது:

தராசு சொன்னது சரி, ஆனால் அந்த ஒப்பீடும் திறந்த அறுவையோடுதான். இந்த மருத்துவமனையில் சிறுநீர்ப்பை அகற்றல் பட்டியலிலேயே இல்லை.

சேர்க்க விரும்புவது பயிற்சி. நூறு கேஸை ஏழு பேர் பங்கு போட்டால் ஆளுக்குப் பதினான்கு. யாருக்கும் கை படியாது. ரோபோவில் அறுவை செய்யும் அனுமதியை முதல் ஆண்டு இருவருக்கு மட்டும், ஒரு யூராலஜி ஒரு மலக்குடல், என்று வரம்பிடுங்கள். மயக்கவியல் மருத்துவரையும் பயிற்சிக்கு அனுப்புங்கள். புராஸ்டேட்டுக்கு நோயாளியைத் தலைகீழாக 25 பாகைக்கு மேல் சாய்க்கிறோம். நான்கு மணி நேரம் போனால் முகமும் தொண்டையும் வீங்கும், சுவாசக் குழாயை எடுக்கும் முன் காற்றுக் கசிவுச் சோதனை வேண்டும். தோள்தாங்கி வைத்தால் கைநரம்பு அழுந்தும், வழுக்காத மெத்தை நல்லது. எந்திரத்தோடு இணைந்து அசையும் மேசை இல்லையென்றால், ரோபோவின் கையை மாட்டிய பிறகு மேசையை அசைக்கக் கூடாது. அசைந்தால் துளை கிழியும்.

---

அறங்காவல்மேசை எழுதியது:

வாங்குவதும் பழையதும் பட்டியலிலிருந்து போயாச்சு. வாடகையை மறுபேச்சு பேசலாம் என்று தோன்றுகிறது. எதைக் கேட்பது?

---

வரவுசெலவு எழுதியது:

மாதம் 15ஐ ஆண்டுக்கு 90 என்று மாற்றச் சொல்லுங்கள். மாதக் கணக்கு வேண்டாம், ஆண்டுக் கணக்கு. ஆடி மாதம் அறுவைக்கு ஆள் வராது, அதற்கு நீங்கள் தண்டம் கட்டக் கூடாது. முதல் ஆண்டு 50. எந்திரம் நின்ற நாள்களை விகிதப்படி உத்தரவாதத்திலிருந்து கழிக்க வேண்டும். பித்தப்பை, குடலிறக்கம் இரண்டும் உத்தரவாத எண்ணிக்கையில் சேராது என்று நீங்களே எழுதிக் கொடுங்கள். விசித்திரமாகப் பார்ப்பார்கள், பார்க்கட்டும். விலை ரூபாயில் ஐந்தாண்டுக்கு நிலையாக. எஸ்எஸ்ஐ மந்த்ரா போன்ற உள்நாட்டு எந்திரத்துக்கும் இதே வடிவில் கொட்டேஷன் வாங்கி மேசையில் வையுங்கள், பேச்சு இளகும்.

90க்கு அவர்கள் இறங்கவில்லையென்றால் 3டி லேப்பராஸ்கோப்பி கோபுரம் (கேமரா, விளக்கு, திரை அடங்கிய அடுக்கு) ஒன்றும் தையல் பயிற்சிப் பெட்டிகளும் வாங்கிவிட்டு அடுத்த ஆண்டு மறுபடி கேளுங்கள்.

---

பியூஸ்கம்பி எழுதியது:

கூடவே ஒரு வரி: "இயங்குநேரம் 98%" என்பதை ஞாயிறு, இரவு சேர்த்து 24 மணி நேரக் கணக்கில் போட்டிருப்பார்கள். அப்படியென்றால் ஆண்டுக்கு ஏழு நாள் நின்றாலும் ஒப்பந்த மீறல் இல்லை, அந்த ஏழும் உங்கள் அறுவை நாளாகவே இருந்தாலும். அட்டவணையிட்ட அறுவை நேரத்தில் 98% என்று மாற்றி, புகார் சொன்ன நான்கு மணி நேரத்தில் பொறியாளர் வந்து நிற்க வேண்டும் என்று சேருங்கள். அவர் எந்த ஊரிலிருந்து வருவார் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.